அம்மாவின் றங்குப் பெட்டியைத் திறக்க முதல்: எதை வைப்பது, எதை விடுவது?

திருகோணமலை உப்புவெளியில் அம்மா இருந்த வீட்டை ஒதுக்கத் தொடங்கிய நாளில் முதல் பிழையை விட்டவன் நான்தான். ஒரு ஞாயிறு காலை அலுமாரியைத் திறந்து, கைக்கு வந்த ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து, "இது வேணுமா, எறியவா?" என்று கேட்டுக்கொண்டு போனேன். மத்தியானத்துக்குள் அக்கா அழுதுகொண்டு எழும்பிப் போய்விட்டார். நான் ஒரு பை நிறையப் பழைய காகிதத்தைக் கிணற்றடியில் எரித்து முடித்திருந்தேன். அப்பாவின் சேவைச் சான்றிதழும் அந்தப் பையில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பின் சொந்தக்காரர், அயலவர் என்று ஏழெட்டு வீடுகளில் இந்த வேலைக்குக் கூட நின்றிருக்கிறேன். திருகோணமலையில் இது பாரமான வேலை. 1990 போர் இடப்பெயர்வில் பலருக்குப் பாதி போனது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது, கரையோர வீடுகளில் மிச்சமும் போனது. அதனால் தப்பி நிற்கிற ஓட்டைச் சருவச்சட்டிகூட "இதையாவது வைப்போம்" என்று பரணில் ஏறிவிடுகிறது.

கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள். வைப்பதா விடுவதா என்ற கேள்வி இதில் பிந்தித்தான் வரும்.

1. எப்போது தொடங்குவது

கச்சான் காற்றுக் காலம், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, இதற்குச் சரி. மாரியில் காற்றே ஈரமாக இருக்கும். பெட்டியைத் திறந்து படங்களையும் துணிகளையும் இரண்டு நாள் வெளியில் விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். கச்சான் நாளிலும் காற்று எழும்ப முதல், காலையிலேயே காகித வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

செத்தவீடு நடந்த கையோடு தொடங்க வேண்டாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வீடு நிறையச் சனம் இருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பயணத்துக்கு முன் எல்லாம் முடிய வேண்டும் என்று அந்தரப்படுவார்கள். அந்த நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: காகிதம், நகை, திறப்புகள் (சாவிகள்) மூன்றையும் ஒருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். மற்றது ஆண்டுத் திவசம் முடியும்வரை இருக்கட்டும். வாடகை வீட்டை உடனே விட வேண்டும் என்றால், பிரிக்காமல் அப்படியே பெட்டிகளில் கட்டி ஒரு வீட்டுக்கு மாற்றுங்கள். துக்கத்தோடு பிரித்த சாமானைப் பற்றி மனம் வருந்தாத ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

2. யார் யார் இருக்க வேண்டும்

குறைந்தது மூன்று பேர். கதை தெரிந்த பெரியவர் ஒருவர், சாமானை எடுத்துக் கொடுக்க ஒருவர், எழுத ஒருவர். எழுதுகிறவர் வீட்டின் இளையவராக இருந்தால் நல்லது. அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் கேட்பார், கேட்டால்தான் பெரியவர் சொல்வார்.

சாமானுக்கு உரியவர் உயிரோடு இருந்தால் அவர்தான் தலைமை. அம்மம்மாவைக் கதிரையில் இருத்தி, பெட்டியை அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். அவர் ஆசுபத்திரியில் இருக்கும் வாரத்தில் "வந்து பார்க்கும்போது வடிவாக இருக்கட்டும்" என்று அறையைத் துப்புரவாக்குவது பெரிய பிழை. ஒரு வீட்டில் அப்படிச் செய்தார்கள். திரும்பி வந்த அந்த அம்மா மூன்று மாதம் ஒரு தகரப் பேணியைத் தேடிக்கொண்டே இருந்தார்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

தடித்த மட்டை போட்ட கொப்பி ஒன்று, மென்மையான பென்சில் இரண்டு, கடதாசிப் பெட்டிகள் ஐந்தாறு, தோய்த்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டி, தூசு தட்ட மெல்லிய தூரிகை, மூக்குக்கு முகக்கவசம், நல்ல கமரா உள்ள கைப்பேசி. பேனை வேண்டாம். மை கசியும், படத்தின் பின்பக்கம் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். செலோட்டேப்பை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். பத்து வருடத்தில் அது மஞ்சளாகி, காகிதத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

4. முதல் நாள் முழுக்கக் காகிதம்

சேலையையும் படத்தையும் தொட முதல் காகிதத்தைத் தனியே எடுக்க வேண்டும். மற்றவை மனசுக்கு வேண்டியவை, காகிதம் உரிமைக்கு வேண்டியது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் கண் படங்களிலேயே நிற்கும், காகிதம் குப்பைக்குப் போகும்.

காணி உறுதி, அனுமதிப் பத்திரம், பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்கள், வங்கிப் புத்தகம், ஓய்வூதியக் கடிதம், பள்ளிக்கூடச் சான்றிதழ், இடம்பெயர்ந்த காலத்துப் பதிவு அட்டைகள் எதையும் இந்தக் கட்டத்தில் கழிக்காதீர்கள். பழைய பங்கீட்டுக் கூப்பன் அட்டையையும் வையுங்கள். யார் யார் எந்த வருடம் எந்த விலாசத்தில் இருந்தார்கள் என்பதை அது காட்டும்.

உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம் என்பது உண்மைதான். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இணைப்பிரதி அங்கே போகிறது. ஆனால் உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி தெரியாமல் தேடப் போனால் பெரிய அலைச்சல். மூலை கிழிந்த உறுதியிலும் இந்த மூன்றும் இருக்கும்.

காகிதம் ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடுங்கள். சாமிப் படச் சட்டத்தின் பின்மட்டை, தேவாரப் புத்தகத்தின் நடு, அலுமாரித் தட்டில் விரித்த பத்திரிகைக்குக் கீழ், தலையணை உறை, சேலை மடிப்பு. ஓடிப்போன காலத்தில் நம்மவர்கள் இங்கேதான் வைத்தார்கள். புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பக்கம் பிரித்து உதறாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இனிப் பழக்கமான பிழை: உறுதியை "பத்திரமாக இருக்கட்டும்" என்று லமினேற் செய்வது. அந்தச் சூட்டில் பழைய மை மங்கும், ஒட்டிய பிளாஸ்ரிக்கை மறுபடி பிரிக்க முடியாது, முத்திரையைத் தடவிப் பார்க்கவும் முடியாது. துருப்பிடித்த கிளிப், குண்டூசி, றப்பர் பாண்டை மெதுவாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டால் போதும். அன்றைக்கே எல்லாவற்றையும் படம் பிடித்துவிடுங்கள்.

5. கதையை எழுதிய பிறகே முடிவு

காகிதம் தனியே போன பிறகு சாமானுக்கு வருகிறோம். ஒவ்வொரு சாமானையும் கதை தெரிந்தவர் கையில் கொடுங்கள். நான்கு கேள்விகள்: யாருடையது? எங்கே, எப்போது வந்தது? யார் எதற்குப் பாவித்தார்? இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பதிலைக் கொப்பியில் இலக்கமிட்டு எழுதி, சாமானையும் அதே இலக்கத்தோடு படம் எடுங்கள். "வேணுமா?" என்று இப்போது கேட்கக் கூடாது. கேட்ட உடனே சனம் கதை சொல்வதை விட்டுவிட்டு வாதாடத் தொடங்கும்.

எங்கள் சித்தியின் வீட்டில் அரிசிப் பெட்டிக்குள் ஒரு சுண்டு இருந்தது. பால் பேணியை வெட்டிச் செய்த சாதாரண அளவுப் பேணிதான். விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மினுங்கியது, எதிர்ப்பக்கத்தில் பெருவிரல் அளவுக்கு ஒரு குழி. சித்தி அதைக் கையில் எடுத்ததும் விரல் தானாக அந்தக் குழியில் போய் இருந்தது. "அம்மா நேரே அளக்கமாட்டா. ஒவ்வொரு சுண்டிலும் ஒரு பிடி திரும்பப் பெட்டிக்குள்ள போட்டிடுவா. நாளைக்கு ஆர் வருவினமோ எண்டு." அந்த வீட்டில் ஆள் உயரக் கண்ணாடி அலுமாரி ஒன்றும் இருந்தது, சீதனமாக வந்தது. அதைப் பற்றிச் சொல்ல யாரிடமும் ஒரு வசனம்கூட இருக்கவில்லை. அலுமாரி போனது. சுண்டு இருக்கிறது, இன்றைக்கும் அதில்தான் அளக்கிறார்கள்.

பெரியது, விலை கூடியது, பழையது என்ற மூன்றையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கதை சொல்ல ஒருவரும், இடம் கொடுக்க ஒருவரும் இருந்தால் வையுங்கள். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் படமும் கதையும் கொப்பியில் நிற்கட்டும், சாமான் போகலாம். இரண்டும் இல்லாவிட்டால் தயங்க வேண்டாம்.

6. இலகுவானதிலிருந்து கடினமானதுக்கு

முதலில் சமையலறை, பிறகு உடுப்பு, பிறகு கடிதமும் கசட்டும், கடைசியில் படங்கள். படத்தில் தொடங்கினால் ஒரு அல்பத்தோடு நாள் முடிந்துவிடும். சட்டி, சுளகு, நீற்றுப்பெட்டியில் தொடங்கினால் இரண்டு மணித்தியாலத்தில் கையும் மனமும் முடிவெடுக்கப் பழகும்.

பித்தளை, செம்புப் பாத்திரங்களைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க முதல் அடியையும் விளிம்பையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பெயரும் சில வேளை வருடமும் வெட்டியிருக்கும். அப்படி ஒரு மூக்குப்பேணியில்தான் எங்கள் பூட்டியின் முழுப்பெயரையே அறிந்தோம். புளி போட்டுத் தேய்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் எழுத்தைப் படம் எடுங்கள்.

ஒரே வகையில் பல இருந்தால் ஒன்றை மட்டும் வையுங்கள். பதினான்கு சேலை இருந்தால் கலியாணக் கூறையும், அவர் அடிக்கடி உடுத்தது ஒன்றும் போதும். "நல்லது" என்று பெட்டியிலேயே கிடந்த சேலையைவிட, முந்தானையில் மஞ்சள் கறை உள்ள நூல் சேலையில்தான் அவர் இருப்பார். அப்பாவின் ஐந்து மூக்குக்கண்ணாடியில் கடைசியாகப் போட்டது ஒன்று. மிஞ்சிய மருந்து, செயற்கைப் பல், ஊன்றுகோல் றப்பர் எல்லாம் நினைவுப் பொருள் ஆகாது. அவை நோயின் நாட்களைத்தான் வைத்திருக்கும், விடுங்கள்.

7. கடிதமும் கசட்டும்

கடிதத்தை வாசிக்க முதல் அது யாருக்கு எழுதியது என்று பாருங்கள். அம்மாவும் அப்பாவும் ஒருவருக்கொருவர் எழுதியதைச் சபையில் உரத்து வாசிக்காதீர்கள். பிள்ளைகளில் ஒருவர் தனியே இருந்து பார்க்கட்டும். எரித்துவிடு என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தால் எரிப்பதுதான் மரியாதை. எண்பது, தொண்ணூறுகளில் வந்த நீல வான்மடல்களில் முத்திரையை வெட்டி எடுக்காதீர்கள், திகதி அதன்மேல்தான் குத்தியிருக்கும்.

அந்தக் காலத்தில் வெளிநாடு போனவர்கள் குரலைப் பதிந்து கசட்டாக அனுப்பினார்கள். வீட்டில் உள்ள எல்லாவற்றிலும் இதற்குத்தான் அவசரம். காந்த நாடா தானாகவே கெட்டுக்கொண்டிருக்கும், அந்தக் குரலுக்கு வேறு பிரதி எங்கேயும் இல்லை. உறையில் பாட்டுப் படம் இருந்தாலும் இரண்டு பக்கமும் கேளுங்கள். பல வீடுகளில் பாட்டுக் கசட்டின்மேல்தான் பேசி அனுப்பினார்கள்.

போட முதல் கண்ணாடி வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் போடவே வேண்டாம், பிளேயரின் தலையில் ஒட்டி அடுத்த கசட்டையும் கெடுக்கும். அதைத் தனியே வைத்துத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்லது என்றால் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள், இனித் தவறுதலாக அதன்மேல் பதியாது. ஒருமுறை கடைசிவரை சுற்றித் திரும்பச் சுற்றி, பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்பி மூலம் கணினிக்கு எடுங்கள். 90 நிமிடக் கசட்டுக்கு 90 நிமிடம் போகத்தான் செய்யும்.

8. படங்கள்

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தை இழுக்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலற்றின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துவிடும், இழுத்தால் முகம் கண்ணாடியில் நிற்கும், வெள்ளைக் காகிதம் கையில் வரும். கடல் தண்ணீர் பட்ட அல்பம் ஒன்றில் இப்படி ஒரு கலியாணப் படம் என் கண்முன்னே போனது. சட்டத்தோடே விறாந்தை வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் போடாமல், கைப்பேசிக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்து எடுங்கள். கண்ணாடியில் உங்கள் நிழல் விழாது.

பசை ஒட்டிய தாளில் மெல்லிய பிளாஸ்ரிக் மூடும் அல்பங்களிலிருந்து படங்களைக் கழற்றுவது நல்லது, இலகுவாக வந்தால் மட்டும். வராவிட்டால் பக்கத்தோடு எடுங்கள். ஸ்கானர் கிடைத்தால் படத்துக்கு 600 டிபிஐ, எழுத்துக்கு 300 போதும்.

பின்பக்க ஓரத்தில் பென்சிலால் பெயர், உறவு, இடம் எழுதுங்கள். "அம்மா" என்று மட்டும் எழுதாதீர்கள். முப்பது வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு எந்த அம்மா என்று தெரியாது. பென்சில் பிடிக்காத வழுவழுப்பான படம் என்றால் காகித உறையில் போட்டு உறைமேல் எழுதுங்கள்.

யாரென்று தெரியாத முகங்களை உடனே கழிக்க வேண்டாம். பின்னணியைப் பாருங்கள். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும்போது எடுத்த படத்தில் பின்னால் தெரியும் கடையை வைத்தே, பழைய ஆட்கள் காலத்தையும் தெருவையும் சொல்லிவிடுவார்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை விட்டுப் போகும்வரை அங்கே வேலை செய்தவர்களின் குழுப்படங்களில், ஒரு வீட்டுக்குத் தெரியாத முகம் இன்னொரு வீட்டுக்குத் தாத்தாவாக இருக்கும். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரருக்குப் போட்டு ஒரு மாதம் பொறுங்கள்.

கழிக்கக்கூடியவை: மங்கியவை, ஒரே காட்சியின் ஏழெட்டுப் பிரதி, கலியாண வீட்டுச் சாப்பாட்டுப் பந்தி. பந்தியில் ஒருவரின் ஒரே படம் அதுவாக இருந்தால் மட்டும் வையுங்கள்.

9. சகோதரங்களுக்குள் பிரித்தல்

நகையையும் காணியையும் இந்தப் பேச்சோடு கலக்காதீர்கள். அதற்கு வேறு நாள். இரண்டும் ஒரே நாளில் வந்தால் தோசைக் கல்லுக்காக ஏற்படும் சண்டைக்குள் தாலிக்கொடியின் கோபம் இருக்கும்.

இலக்கமிட்ட படங்களை எல்லோருக்கும் அனுப்பி, ஒரு வாரம் கழித்து ஒன்றாகக் கதையுங்கள். கச்சான் காலத்தில் இங்கே மாலை 7 மணி என்றால் லண்டனில் பிற்பகல் 2.30, ரொறொன்ரோவில் காலை 9.30. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் பொருந்தும். இளையவரிலிருந்து தொடங்கி ஒருவர் மாறி ஒருவர் ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். மூத்தவர் முதலில் கேட்டால் இளையவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

"எனக்கு வேணும் அண்ணா, ஆனா அங்கேயே இருக்கட்டும்" என்பார்கள். ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் எப்போது எடுப்பார்கள் என்ற திகதியையும் அதே அழைப்பில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஊரில் இருக்கும் ஒருவரின் வீடு எல்லோருடைய களஞ்சியமும் ஆகிவிடும். பழைய ஏடு, சிலை போன்றவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முதல் தொல்பொருள் திணைக்களத்தில் அனுமதி கேட்க வேண்டும்.

10. விடுவதையும் முறையாக விடுதல்

பல பேர் கழிக்கத் தயங்குவது குப்பையில் போடும் காட்சியை நினைத்துத்தான். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி வையுங்கள். பாவிக்கக்கூடியதைப் பாவிப்பவர் கையில் நேரே கொடுங்கள். உடுப்பைத் தோய்த்து மடித்துக் கொடுங்கள். நைந்த நூல் சேலை தொட்டிலுக்கும் படுக்கை விரிப்புக்கும் ஆகும்.

சாமிப் படங்களில் கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றிவிட்டுக் காகிதத்தை மட்டும் என்ன செய்வது என்று உங்கள் கோயில் ஐயரிடம் கேளுங்கள். சட்டத்தோடு கடலில் விடாதீர்கள், கண்ணாடி கரையில் யாருடைய காலிலோ குத்தும். இறந்தவர்களின் மங்கிய படங்களைக் கிழிக்க மனம் வராவிட்டால், ஒரு உறையில் சேர்த்துப் போட்டு மண்ணில் புதையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகங்கள், அதாவது நினைவு மலர்கள், கட்டுக் கட்டாக இருக்கும். இரண்டை வையுங்கள், வம்சாவளி இருக்கும் பக்கத்தைப் படம் எடுங்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்து நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்கிறது. மூன்றாவது பிரதிக்கு அதுதான் நல்ல இடம்.

11. வைத்ததைக் காப்பாற்றுதல்

பட்டுக் கூறையைப் பிளாஸ்ரிக் பையில் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று சரிகை கறுக்கும். பருத்தி வேட்டியில் சுற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பூச்சி உருண்டை சரிகையில் படக் கூடாது.

பெட்டியை நிலத்திலும் சுவரோடும் வைக்க வேண்டாம். கறையான் இரண்டு வழியாகவும் வரும். ஓட்டுக்குக் கீழே பரணும் வேண்டாம், சூடும் ஒழுக்கும் அங்கேதான். உள்சுவர்ப் பக்கம், இடுப்பளவு உயரத் தட்டு நல்லது.

படம் எடுத்தவற்றுக்கு மூன்று பிரதி: ஒன்று கணினியில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில் இருப்பவரிடம். கடல் ஒரு வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்கும் வரும். கொப்பியையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதோடு சேருங்கள்.

12. முடிவு வராதவை

இவ்வளவுக்குப் பிறகும் சில சாமான்கள் கையிலேயே நிற்கும். அவற்றுக்கு ஒரே ஒரு பெட்டி, மூடியில் திகதி. அடுத்த கச்சானில் மட்டும் திறங்கள். இடையில் திறந்தால் வளர்ந்துகொண்டே போகும். நிரம்பிவிட்டால் புதிதாக ஒன்று போட ஏதாவது ஒன்றை எடுக்க வேண்டும்.

எங்கள் பெட்டியில் ஒரு திறப்பு இருந்தது. 1990இல் அப்பா வீட்டைப் பூட்டிக் கையில் எடுத்து வந்தது. நாங்கள் திரும்பிப் போனபோது கதவும் இல்லை, நிலையும் இல்லை. எதையும் திறக்காத திறப்பை வைத்து என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, எறியவும் கை வரவில்லை. இரண்டு வருடம் பெட்டியிலேயே கிடந்தது. மூன்றாம் வருடம் அக்கா அதை எடுத்து, துருவைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தார். இப்போது அது அவருடைய வீட்டில், சமையலறைக் கதவுக்குப் பின்னால், மற்றத் திறப்புகளோடு ஆணியில் தொங்குகிறது.